தரம் 6 அனுமதி: கண்டியில் நம் பிள்ளைகளின் இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?



இது நீண்ட பதிவு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய, இனி எழுதப்போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், பெறுபேறு வந்த கிழமையில், மஹய்யாவையைச் சேர்ந்த ஒரு வாப்பாவும் உம்மாவும் என்னிடம் வந்தார்கள். மகள் தமிழ் மொழிமூலம். நன்றாகப் படிக்கும் பிள்ளை. அவர்கள் விரும்பிய பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கு 3 புள்ளி குறைவு. அவள் படித்த பாடசாலையில் தரம் 5 வரைதான் வகுப்பு இருந்தது. ஆகவே, எங்கேயாவது போயே ஆகவேண்டும்.

அடுத்த ஆறு கிழமையில் அந்த வாப்பா நான்கு பாடசாலைகளுக்கும் மூன்று அலுவலகங்களுக்கும் போனார். ஓர் இடத்தில் "அதிபரைக் கேளுங்கள்" என்றார்கள். அதிபர் "வலயத்தில் கடிதம் எடுத்து வாருங்கள்" என்றார். வலயத்தில் "அது தேசியப் பாடசாலை, எங்களுக்குக் கீழ் இல்லை" என்றார்கள். கூலி வேலை செய்பவர். போன ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் இல்லை. கடைசியில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இந்தப் புள்ளைக்கு ஒரு எடம் குடுக்குறது யார்ட பொறுப்பு?"

என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் வாசித்தபோது விளங்கியதைத்தான் கீழே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் இடம் அந்த வருடத்துப் புள்ளியால் மட்டும் தீர்மானமாகவில்லை. அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது.

*

1. வாசலில் அதிபர் மட்டும் நின்ற காலம்

ஆங்கிலேய அரசு 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களத்தை ஆரம்பித்தது. அரசு எல்லா இடத்திலும் பாடசாலை கட்டவில்லை. யார் பாடசாலை நடத்துகிறார்களோ அவர்களுக்கு உதவிப் பணம் கொடுத்தது. அப்படி நடத்தக்கூடிய பணமும் ஆட்களும் மிஷனரிமாரிடம் இருந்தன.

கண்டியின் பெரிய பாடசாலைகள் பிறந்த வருடங்களைப் பாருங்கள். ட்ரினிட்டி 1872. கேர்ள்ஸ் ஹை ஸ்கூல் 1879. ஹில்வூட் 1890. கிங்ஸ்வூட் 1891. இதைப் பார்த்துப் பௌத்தர்களும் எழுந்தார்கள். 1887 இல் தர்மராஜ வந்தது. இருபது வருடத்துக்குள் இந்த நகரத்தின் கல்வி வரைபடத்தில் பெரும்பகுதி வரையப்பட்டுவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்கப் பொதுவான விதி எதுவும் அப்போது இல்லை. கட்டணம் கட்ட வேண்டும், ஆங்கிலம் வேண்டும், அதிபர் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நம் ஆட்கள் அப்போது எங்கே நின்றார்கள்? மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயம் இருந்தது. அது முழுக்க வீண்பயமும் அல்ல, மதமாற்றம் அந்தப் பாடசாலைகளின் நோக்கங்களில் ஒன்றுதான். ஆகவே பிள்ளைகள் ஓதப் போனார்கள். ஓதி முடிந்ததும் கடைக்குப் போனார்கள்.

இந்தப் பயத்துக்குப் பதில் சொன்னவர் நம் கண்டியைச் சேர்ந்தவர். 1838 இல் இங்கே பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை அவர்கள். "அவர்களுடைய பாடசாலை வேண்டாம் என்றால் நம்முடையதைக் கட்டுவோம்" என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் சாரம். 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி அதில் கல்வியைப் பற்றி விடாமல் எழுதினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை ஆரம்பித்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, 1892 முதல் கண்டியில் வாழ்ந்த ஒராபி பாஷாவும் இந்த முயற்சிக்கு ஊக்கம் கொடுத்தார். கொழும்பு மருதானையில் 1892 இல் தொடங்கிய பாடசாலை பிறகு ஸாஹிராக் கல்லூரி ஆனது.

சித்திலெப்பை 1898 இல் வபாத் ஆனார். ட்ரினிட்டிக்கோ தர்மராஜவுக்கோ ஈடான ஒரு முஸ்லிம் இடைநிலைப் பாடசாலை அந்த நூற்றாண்டில் கண்டி நகரத்தில் எழவில்லை. அவர் பெயரில் இன்று நம் நகரத்தில் ஒரு பாடசாலை இருக்கிறது. அவர் பதறியது எதற்காக என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஒரு சின்ன விடயத்தையும் சொல்ல வேண்டும். 1906 இல் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. நகரத்துப் பிள்ளைகளின் பாடசாலைப் பொறுப்பை உள்ளூர் சபைகளிடம் கொடுக்கும் முயற்சி அது. ஆனால் அது தாய்மொழி ஆரம்பக் கல்வியோடு நின்றுவிட்டது. பெரிய பாடசாலைகளின் வாசலை அது தொடவில்லை.

*

2. கன்னங்கராவின் பரீட்சை எதற்காக வந்தது?

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 இல் கல்வி அமைச்சரானார். அவரே புலமைப்பரிசில் கிடைத்துக் காலி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போன கிராமத்துப் பிள்ளை. அந்த ஒரு வாசல் திறந்திராவிட்டால் தான் எங்கே இருந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்தவைதான் மத்திய கல்லூரிகள். 1940களின் கடைசிக்குள் விடுதியும் விஞ்ஞான கூடமும் உள்ள 54 மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களில் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்து, கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து, விடுதியில் வைத்துப் படிப்பித்தார்கள்.

இதைக் கவனியுங்கள். அந்தப் பரீட்சையின் முதல் நோக்கம், பாடசாலை இல்லாத இடத்துப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது. இன்று அதே பரீட்சை, பக்கத்தில் பாடசாலை இருக்கும் நகரத்துப் பிள்ளையை "இதைவிட நல்ல" பாடசாலைக்கு மாற்றும் பரீட்சையாகிவிட்டது. அதற்காகத்தான் மூன்றாம் தரத்திலேயே கிளாஸ், சனி ஞாயிறும் கிளாஸ்.

நம் சமூகத்துக்கு அதே காலத்தில் இன்னொரு தீர்மானமும் வந்தது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் என்று அரசு முடிவெடுத்தபோது, சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்று விதித்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் மொழியைத் தெரிவுசெய்யும் உரிமை இருந்தது. சலுகைதான். ஆனால் அந்தச் சலுகை நம் வீடுகளுக்குள் ஒரு முடிவில்லாத கேள்வியையும் கொண்டுவந்தது.

கண்டியில் இன்றும் அதைப் பார்க்கிறோம். நாநா சிங்கள மொழிமூலம், தங்கச்சி தமிழ் மொழிமூலம். வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் சிங்களம். நகரத்தில் சிங்கள மொழிமூல இடங்கள் அதிகம். தமிழ் மொழிமூல இடங்கள் குறைவு, அதிலும் விஞ்ஞானம், கணிதம் வரை போகும் வகுப்புகள் இன்னும் குறைவு. ஐந்து வயதில் நாம் எடுக்கும் அந்த மொழி முடிவுதான் பதினொரு வயதில் பிள்ளை எந்த வரிசையில் நிற்கும் என்பதைச் சொல்கிறது. நடுவில் வரிசை மாறுவது லேசு அல்ல.

அந்தக் காலத்தில் நமக்கு வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இல் முஸ்லிம் மாணவர்களுக்கான கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். இலவசக் கல்வி வந்த அதே வருடம். கட்டணம் இல்லாமல் போனாலும் ஏழைப் பிள்ளைக்கு வேறு செலவுகள் இருக்கும் என்பதை அவர் முன்கூட்டியே கண்டிருந்தார்.

*

3. 1961: இன்னும் மூடாத பதிவேடு

1960 இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசுக்குக் கொண்டுவந்தன. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் அவர்கள். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். கண்டியில் அவர் பெயரில் நம் பெண்பிள்ளைகளின் கல்லூரி இருக்கிறது.

கத்தோலிக்கப் பெற்றோர்கள் பாடசாலைகளுக்குள் குடியிருந்து எதிர்த்தார்கள். ட்ரினிட்டி, ஹில்வூட், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் போன்றவை அரசிடம் போகாமல் தனியாக நின்றன. கிங்ஸ்வூட், கேர்ள்ஸ் ஹை ஸ்கூல், தர்மராஜ போன்றவை இன்று அரச பாடசாலைகள். அரசிடம் வந்ததால் அந்த வாசல்கள் எல்லோருக்கும் சமமாகத் திறந்தன என்றுதான் நாம் நினைக்கிறோம்.

பாதி திறந்தன. தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பந்தி இருக்கிறது. இந்தச் சட்டங்களின் கீழ் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற நேரத்தில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளைகளும் என்ன விகிதத்தில் இருந்தார்களோ, அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் இடங்களைப் பிரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

இதன் நோக்கம் கெட்டது அல்ல. பாடசாலையைக் கட்டிக் கொடுத்த சமயத்தார் தங்கள் பாடசாலைக்குள்ளேயே சிறுபான்மையாகிவிடக் கூடாது என்பதற்கான வாக்குறுதி அது. முஸ்லிம்கள் நடத்தி அரசுக்குக் கொடுத்த பாடசாலைகளுக்கும் அது பாதுகாப்புத்தான். ஆனால் விளைவை யோசித்துப் பாருங்கள். 1961 இல் ஒரு பாடசாலையின் பதிவேட்டில் நம் பிள்ளைகள் சிலர் மட்டுமே இருந்திருந்தால், இன்று தரம் 1 க்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு பங்கிலிருந்துதான் இடம். மூத்தாப்பாவைக் கடைக்கு அனுப்பிய முடிவு பேரப்பிள்ளையின் விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது.

"அது தரம் 1 தானே, தரம் 6 க்கும் அதற்கும் என்ன?" என்று கேட்பீர்கள். இங்கேதான் முக்கியமான விடயம் இருக்கிறது. பெரிய பாடசாலைகளில் தரம் 6 வகுப்புகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளால் ஏற்கனவே நிரம்பியிருக்கும். அதற்கு மேல் சேர்க்கும் இடங்களுக்குத்தான் புலமைப்பரிசில். ஆகவே கண்டியில் இடைநிலைப் பாடசாலை அனுமதியின் பெரும்பகுதி பதினொரு வயதில் நடப்பதில்லை. ஐந்து வயதில் முடிந்துவிடுகிறது.

அந்த ஐந்து வயது அனுமதியில் 50 வீதம் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் சகோதரர் படிப்பவர்களுக்கு. மீதி கல்விச் சேவையாளர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு. வாப்பா படித்திராவிட்டால் பழைய மாணவர் பங்கு இல்லை. வசிப்பிடப் பங்கில் வீட்டு உறுதி சொந்தப் பெயரில் இருந்தால் கூடிய புள்ளி, வாடகைக்குக் குறைவு. உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். பாடசாலைகள் நெருங்கியிருக்கும் நம் நகரத்தில் அது எவ்வளவு கழியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் அயலவர்களையும் நினைக்கவேண்டும். மஹய்யாவையின் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களான வரலாறு நமக்குத் தெரியும். லைன் அறைக்கு உறுதி எங்கிருந்து வரும்? தமிழ் மொழிமூல இடத்துக்காக அவர்களுடைய பிள்ளையும் நம் பிள்ளையும் நிற்பது ஒரே வரிசையில்தான்.

இந்த முறை நீதிமன்றத்துக்கும் போனது. 2007 இல் உயர் நீதிமன்றம் அப்போதிருந்த தரம் 1 சுற்றறிக்கை அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. பிறகு புதிய சுற்றறிக்கைகள் வந்தன. பழைய மாணவர் பங்கும் வசிப்பிடப் புள்ளியும் வேறு கணக்கில் திரும்ப வந்துவிட்டன.

*

4. ஒரு நகரம், இரண்டு நிர்வாகம்

1987 இல் 13ஆம் திருத்தம் வந்தது. பாடசாலைகள் மாகாண சபைகளுக்குப் போயின. ஆனால் எல்லாம் போகவில்லை. தேசியப் பாடசாலைகள் என்று பெயரிட்டுப் பெரிய பாடசாலைகளைக் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சு தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஆகவே கண்டியில் ஒரே வீதியில் இருக்கும் இரண்டு பாடசாலைகளுக்கு இரண்டு எசமான்கள். ஒன்றுக்கு அமைச்சு, மற்றதற்கு மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்விப் பணிமனையும். தனியார் பாடசாலைகளுக்கு அவற்றின் சொந்த நிர்வாகம். நான் மேலே சொன்ன வாப்பாவை அங்கும் இங்கும் அனுப்பியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் எல்லையைச் சரியாகத்தான் சொன்னார்கள். எல்லைகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்குப் பொறுப்பான அலுவலகம்தான் இல்லை.

மூத்த ஆசிரியர்களுக்கு "கொத்தணி" என்ற சொல் ஞாபகம் இருக்கும். 1981 இன் கல்வி வெள்ளை அறிக்கையோடு வந்த யோசனை அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பாடசாலைகளையும் பெரிய பாடசாலையையும் ஒரு கொத்தாக்கி, ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் பகிர்ந்து, ஒரே நிர்வாகத்தின் கீழ் நடத்துவது. வெள்ளை அறிக்கைக்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது, அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. கொத்தணி சில காலம் நடந்தது. மாகாண சபைகளும் வலய, கோட்ட அலுவலகங்களும் வந்த பிறகு மங்கிப்போனது. அதோடு "இந்தப் பகுதிப் பிள்ளைகள் தரம் 5 க்குப் பிறகு இங்கே போவார்கள்" என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஓர் உள்ளூர் ஏற்பாட்டுக்கான வாய்ப்பும் போனது.

*

5. இன்று நடப்பது

பரீட்சைத் திணைக்களம் இரண்டு வினாத்தாள், 200 புள்ளி என்று பரீட்சை நடத்துகிறது. நாடு முழுக்க மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்று. அதைத் தாண்டிய குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப் பணம். பாடசாலை வெட்டுப்புள்ளி வேறொன்று. சிங்களத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மாவட்ட வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளைக்கு விரும்பிய பாடசாலை கட்டாயம் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை.

பிறகு பெற்றோர் விருப்ப வரிசையில் பாடசாலைகளைக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். முன்பு பாடசாலை மூலம் படிவம், இப்போது இணையத்தில். அமைச்சு புள்ளியையும் விருப்பத்தையும் வைத்து இடம் ஒதுக்குகிறது. கிடைக்காதவர்களுக்கு மேன்முறையீடு.

இந்தப் பகுதி உண்மையில் ஒழுங்கானது. ஒரு விண்ணப்பம், ஓர் அமைப்பு, ஒரு முடிவு. யாரிடமும் தெண்டிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த ஒழுங்கு வெட்டுப்புள்ளி எடுத்தவர்களுக்குத்தான். எடுக்காத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகத் தரம் 5 உடன் முடியும் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் கால்நடைதான் ஒருங்கிணைப்பு. தெரிந்தவர் இருந்தால் ஒரு கடிதம். "அபிவிருத்திக்கு" கொடுக்கப் பணம் இருந்தால் ஒரு வழி. அனுமதிக்குப் பணம் வாங்குவது குற்றம். கைதான அதிபர்களின் செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். வாங்குபவரைப் பேசும் நாம், கொடுப்பவர்களும் நாம்தான் என்பதைப் பேசுவதில்லை.

அந்த ஒழுங்கான பகுதியும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2024 இல் பார்த்தோம். செப்டம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. வழக்கு நடந்து, டிசம்பர் 31 இல் உயர் நீதிமன்றம் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொன்னது. பத்து வயதுப் பிள்ளைகள் அதுவரை காத்திருந்தார்கள்.

*

6. மற்ற இடங்களில் எப்படி?

நமக்கு இந்த முறையைத் தந்த இங்கிலாந்தைப் பாருங்கள். கன்னங்கரா அறிக்கைக்கு அடுத்த வருடம், 1944 இல், அங்கும் புதிய கல்விச் சட்டம் வந்தது. அதன்பின் பதினொரு வயதுப் பரீட்சையை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பிரித்தார்கள். 1965 இற்குப் பிறகு பெரும்பாலான பகுதிகள் அந்தப் பரீட்சையைக் கைவிட்டன.

இன்று அங்கே பெற்றோர் தாங்கள் வசிக்கும் பகுதியின் உள்ளூராட்சி சபைக்கு ஒரே ஒரு விண்ணப்பம் கொடுக்கிறார்கள். குறைந்தது மூன்று பாடசாலைகளை விருப்ப வரிசையில் எழுதலாம். கடைசித் திகதி ஒக்டோபர் 31. மார்ச் 1 அளவில் எல்லாப் பிள்ளைக்கும் முடிவு வரும், ஒரு பிள்ளைக்கு ஓர் இடம். நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதை வைத்துப் பாடசாலை உங்களைத் தள்ளிவைக்க முடியாது. எழுதிய எதுவும் கிடைக்காவிட்டால் இடம் இருக்கும் வேறொரு பாடசாலையைச் சபைதான் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். திருப்தி இல்லையென்றால் சுயாதீனக் குழுவிடம் மேன்முறையீடு.

நியூயோர்க்கில் 2003 வரை குழப்பம்தான். வருடத்துக்குச் சுமார் 90,000 பிள்ளைகள் உயர்நிலைப் பாடசாலைக்கு விண்ணப்பித்தார்கள். சிலருக்குப் பல இடம், சுமார் 30,000 பேருக்குத் தாங்கள் எழுதாத ஏதோவோர் இடம். பிறகு பொருளியலாளர்களின் உதவியோடு, பிள்ளையின் விருப்பத்தையும் பாடசாலையின் முன்னுரிமையையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். எழுதாத இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் தொகை முதல் வருடத்திலேயே சுமார் 3,000 ஆகக் குறைந்தது.

அங்கெல்லாம் நீதி பூத்துக் குலுங்குகிறது என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் நல்ல பாடசாலைக்குப் பக்கத்தில் வீட்டு விலை ஏறுகிறது. பணக்காரன் வீடு மாறிவிடுகிறான். விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்தினால் வரிசைதான் ஒழுங்காகும். நல்ல பாடசாலைகளின் எண்ணிக்கை அதனால் கூடாது. ஆனாலும் "இந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுப்பது என் பொறுப்பு" என்று சொல்ல அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. நம் நாட்டில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றோரைக் கேட்கலாம். பிள்ளைக்கு இடம் கொடுக்காவிட்டால் யாரைக் கேட்பது?

*

7. நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாற நாளாகும். அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை.

ஒன்று. தரம் 5 உடன் முடியும் பாடசாலைகளில் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளின் பட்டியலைப் பெறுபேறு வர முன்பே எடுப்போம். முஸ்லிம், தமிழ் என்று பிரிக்காமல் மஹய்யாவைப் பிள்ளைகள் என்று எடுப்போம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து வலயக் கல்விப் பணிப்பாளரிடம் ஒரே பட்டியலாகக் கொடுத்து, எழுத்தில் பதில் கேட்கட்டும். முப்பது பெற்றோர் முப்பது தடவை போவதைவிட ஒரு பட்டியல் ஒரு தடவை போவது மேல்.

இரண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் எல்லாம் பத்திரம். பிள்ளைக்கு நாலரை வயது ஆன பிறகு தேடினால் ஐந்து வருட ஆதாரம் கிடைக்காது.

மூன்று. மொழிமூலத்தை அயலவரைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டாம். தரம் 6 இலும் உயர்தரத்திலும் அந்த மொழியில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைக்கு உதவ யாரால் முடியும் என்றும் யோசித்து முடிவெடுங்கள்.

நான்கு. இது சிலருக்குக் கசக்கும். பழைய மாணவர் என்றும் நலன்விரும்பி என்றும் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு நாம் அள்ளிக் கொடுக்கிறோம். பக்கத்திலிருக்கும் நம் சின்னப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று ஒரு கடிதம் எழுதவும் ஆளில்லை. அங்கே பிள்ளைகளை அனுப்பாமல், "அங்கே பிள்ளைகள் இல்லை" என்றும் சொல்கிறோம். சித்திலெப்பை செய்ததை நினைத்துப் பாருங்கள். அடுத்தவரின் வாசலில் நிற்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஐந்து. வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையை "பெயில்" என்று சொல்லாதீர்கள். அப்படியொரு பெறுபேறு அந்தப் பரீட்சையில் இல்லை. இடம் குறைவாக இருப்பதால் போட்ட கோடு அது. பிள்ளையின் மூளையை அளந்த கோடு அல்ல.

அந்த வாப்பாவின் மகளுக்குக் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. விரும்பிய பாடசாலை அல்ல, பஸ்ஸில் போகவேண்டிய ஒரு மாகாணப் பாடசாலை. முதலாம் தவணையில் மூன்று கிழமை அவளுக்குப் பாடம் இல்லாமல் போனது. இப்போது நன்றாகப் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவள் வாப்பா இழந்த சம்பளத்தையும், "எனக்கு ஏன் ஒரு ஸ்கூலும் இல்ல?" என்று அவள் வீட்டில் கேட்ட அந்த மூன்று கிழமையையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: சட்டப்படி அது யாருடைய பொறுப்பும் என்று தெளிவாக எழுதப்படவில்லை. எழுதப்படும் வரை அது நம்முடைய பொறுப்பு.

இந்த வருடம் தரம் 5 இல் பிள்ளை இருக்கும் மஹய்யாவைப் பெற்றோர்கள் தயவுசெய்து எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பட்டியலை இப்போதே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். நான் எழுதியதில் பிழை இருந்தால் மூத்த அதிபர்களும் ஆசிரியர்களும் திருத்துங்கள். மற்றவர்கள் தெரிந்த பெற்றோருக்குப் பகிருங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் கொடுப்பானாக. ஆமீன்.